பத்தொன்பதாம் வரிசை

சவரியப்பன் சாரின் வலது கையை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு டீக்கடை மேடையில் வைத்து வெட்டினார்கள். இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் மணிக்கட்டுக்கு மேலே அரிவாளை இறக்கினான். முதல் வெட்டில் எலும்பு விடவில்லை, இரண்டாவதில் விட்டது. வெட்டுவதற்கு முன்னால், "எழுதுற கை இதுதானே?" என்று அவன் கேட்டதாகவும், அவர் பயத்தில் "ஆமா" என்று சொன்னதாகவும் டீ மாஸ்டர் போலீசிடம் சொன்னார். அறுபத்தாறு வயது மனிதர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் என்பதால், பழைய மாணவன் எவனோ வஞ்சம் வைத்து வெட்டியிருப்பான் என்று பத்திரிகைக்காரர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

இது நடந்தது திங்கட்கிழமை. செவ்வாய் காலை பழங்காநத்தத்தில் என் வீட்டு வாசலில் நின்று அந்தச் செய்தியைப் படித்தேன். உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். என் பெயர் முத்துமீனா. அரசு அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நூறு பெயராவது என் விரல் வழியாகப் போகும். எல்லாப் பெயரும் நினைவில் நிற்பதில்லை.

அன்று பதினோரு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. செக்கானூரணிப் பக்கம் ஒரு தோட்டம். ஒரு ஆளை வேப்பமரத்தில் சாய்த்துக் கட்டிவைத்து, இரும்புக் குழாயால் முழங்காலில் அடிக்கிறார்கள். வலது முழங்கால், பிறகு இடது, மறுபடி வலது. மரம் வெட்டுகிறவன் மாதிரி, கால் அகட்டி நின்று, அவசரமே இல்லாமல் அடிக்கிறான். கட்டப்பட்டவர் ஒரு கட்டத்துக்கு மேல் கத்தவில்லை, அவர் வேட்டி நனைந்துபோனது. அடித்தவர்களே எடுத்து அனுப்பிய வீடியோ அது. கீழே யாரோ அவர் பெயரைப் போட்டிருந்தார்கள்: நல்லகாமன்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். டைப் அடிக்கும்போது எழுத்துப்பிழை வந்து இரண்டு முறை திருத்திய பெயர். கம்ப்யூட்டரில் என் பட்டியலைத் திறந்தேன். பதினெட்டாம் வரிசை நல்லகாமன். அதற்கு மேலே, பதினேழாம் வரிசையில் சவரியப்பன். கீழே, பத்தொன்பதாவதாக ஒத்தப்பனைப்பட்டி தங்கப்பொண்ணு.

மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. உலகத்திலேயே அந்த மூன்று பேரும் வரிசையாக அடுத்தடுத்து நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது நான் போட்ட பட்டியல்.

அது என்ன பட்டியல் என்று சொல்லிவிடுகிறேன். கண்மாயில் வண்டல் மண் எடுக்க அரசு அனுமதி கொடுக்கும். எந்தக் கண்மாய், யாருக்கு அனுமதி, எத்தனை அடி ஆழம், எத்தனை லோடு என்று அதில் இருக்கும். அந்தக் காகிதமெல்லாம் பீரோவில் பூட்டிக் கிடந்தது. மூன்றடிக்கு அனுமதி வாங்கி முப்பதடி தோண்டினாலும் கேட்க நாதி கிடையாது. அனுமதி மூன்றடிதான் என்பதே ஊர்க்காரர்களுக்குத் தெரியாதே! தெரியாதவன் என்னத்தைக் கேட்பான்?

இரண்டு வருடத்துக்கு முன்னால், அரசுத் தகவல்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற பிரிவுக்காரர்கள் மழை அளவு, மாட்டுக் கணக்கு என்று வம்பில்லாததாகப் பார்த்து ஏற்றினார்கள். நான்தான் கண்மாய் அனுமதியை ஏற்றலாம், அதன்மேல் வந்த அறுபத்து மூன்று புகார் மனுக்களையும் சேர்த்து ஏற்றலாம் என்று மல்லுக்கட்டினேன். எங்கள் அதிகாரி, "ஏம்மா, சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்கணுமா?" என்றார். நான் விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏற்றிய பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. ஜெர்சன் என்று ஒரு கல்லூரி ஆசிரியர் மாணவர்களோடு சேர்ந்து அந்த விவரத்தை வைத்து ஒரு வரைபடம் செய்தார். ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், உங்கள் கண்மாயில் எத்தனை அடி தோண்டலாம், எவன் தோண்டுகிறான், யாராவது புகார் கொடுத்தார்களா, புகார் என்ன ஆனது என்று செல்போனில் வந்துவிடும். கருமாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் ஜேசிபி முன்னால் உட்கார்ந்து, "இந்தா பாரு, மூணடிதான்டா அனுமதி, இறங்குடா கீழ" என்று போனைக் காட்டி வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். பதினோரு கண்மாயில் மண் அள்ளுவது நின்றது. அந்த வருடம் மழைக்கு அதில் நாலு கண்மாய் நிறைந்ததாக ஜெர்சன் சார் படம் அனுப்பினார். படத்தைப் பார்த்து ஆபீஸ் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

புகார் கொடுத்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் வெளியே தெரியக்கூடாது என்று எனக்கும் தெரியும். பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் அந்த மூன்று பத்திகளையும் அழித்திருக்க வேண்டும். நான் மறைத்தேன். எக்செல்லில் பத்தியை மறைப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது. மறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளேயே இருக்கும். எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பத்தியை அழித்துவிட்டு மெமோ வாங்கியவள் நான். ஒரு வாரம் கழித்து அதிகாரி அதே பத்தியைக் கேட்டார். "கவர்மென்ட்டுல எதையும் அழிக்கக் கூடாதும்மா, மறைச்சு வையி" என்று தலைமை எழுத்தர் அன்று சொல்லிக் கொடுத்தார். நன்றாகக் கற்றுக்கொண்டேன். மறைத்ததைத் திறக்க எனக்கு ஒரு நொடி போதும். வெளியே இருக்கிறவனுக்கும் அதே ஒரு நொடி போதும் என்பது என் மரமண்டையில் உறைக்கவே இல்லை.

பட்டியலை அனுமதி வாங்கியவர் பெயர்ப்படி அடுக்கியிருந்தேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்றும் வெள்ளைத்துரை என்கிற ஒரே ஆள்மேல் வந்த புகார்கள். ஏழு ஜேசிபி, இருபது லாரி வைத்திருக்கிறவன். அவனுக்கு மூன்று ஊரில் அனுமதி இருந்தது, மூன்று ஊரிலும் ஒரு ஆள் எழுதிப் போட்டிருந்தார். தங்கப்பொண்ணுவின் மனு மட்டும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அவளுடைய பத்தொன்பது வயது மகள் முனீஸ்வரி கண்மாய்க்கு ஆடு பத்திக்கொண்டு போனவள், தண்ணீர் குடிக்க இறங்கிய ஆட்டைப் பிடிக்கப் போய், அந்த முப்பதடிக் குழிக்குள் சறுக்கி விழுந்து செத்துப்போனாள். "நஷ்டஈடு எதுவும் வேண்டாம். குழியை மட்டும் மூடித் தாருங்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் ஆடு மேய்க்கப் போக வேண்டியிருக்கிறது" என்று யாரையோ வைத்து எழுதியிருந்தாள். மனுவின் நிலை என்ற பத்தியில் நானே "நிலுவை" என்று அடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு இவ்வளவும் தெரிந்துவிட்டது. அதிகாரியிடம் ஓடினேன். சொல்லிமுடித்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது சார். நாளைக்கு அந்தத் தங்கப்பொண்ணை வெட்டப் போறாங்க சார்."

"நீயா ஏன் கற்பனை பண்ற? முன்பகைன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். முதல்ல அந்த ஃபைலை இறக்கு. வெளிய வாயத் தொறந்தேன்னு வையி, உன் வேலை மட்டுமில்ல, என் பென்சனும் போயிரும். உள்ள போற கேசு இது."

ஃபைலை இறக்கினேன். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினேன். பட்டியல்தான் இறங்கிவிட்டதே, இனி ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே போகிற கேஸ் என்ற வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நான் கோழை. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

புதன் காலை ஏழு மணிக்கு ஜெர்சன் சார் போன் செய்தார். "மேடம், கண்மாய் ஃபைலைக் காணோமே, ஏதும் பிரச்சினையா?" என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் நான் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தன்னிடம் இருந்த பிரதியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஆமா. இருக்கு. பேரு, ஊரு, நம்பர் எல்லாம் இருக்கு" என்றார். "எங்க பசங்க தேவையான பத்தியை மட்டும் எடுத்துக்குவாங்க. நான் இதைப் பார்க்கவே இல்ல. எத்தனை பேரு டவுன்லோட் பண்ணியிருக்காங்கன்னு தெரியுமா? நேத்து வரைக்கும் இருநூத்திப் பன்னெண்டு."

"நான் அழிச்சிட்டேன் சார்."

"நீங்க உங்க பிரதியை அழிச்சீங்க. வெள்ளைத்துரை கையில இருக்கறத யாரு அழிப்பா? முதல்ல போலீசுக்குச் சொல்லுங்க மீனா. இப்பவே சொல்லுங்க!"

நூறுக்குப் போட்டுச் சொன்னேன். பெயர், ஊர், யார் வெட்டப் போகிறார்கள், எனக்கு எப்படித் தெரியும், எல்லாம். போனை எடுத்தவர் நல்லவர், ஒரு குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஒத்தப்பனைப்பட்டிக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார். மனுவில் இருந்த நம்பருக்கும் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி ரோட்டில் கிளம்பிவிட்டேன்.

செக்கானூரணியில் வண்டியை நிறுத்தி மறுபடி அடித்தேன். ஒரு பையன் எடுத்தான். தங்கப்பொண்ணுவின் மகன் சிவபாண்டி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மாவிடம் போன் கிடையாது, அதனால் மனுவில் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். நைட் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் லாக்கரிலிருந்து போனை எடுத்தானாம்.

"அம்மா எங்க தம்பி?"

"இன்னைக்கு உசிலம்பட்டிச் சந்தைல. ரெண்டு கெடா கொண்டுபோகுது. நீங்களும் மனு விசயமாத்தான் கேக்குறீங்களாக்கா?"

"நானும்னா?"

"நேத்துச் சாயங்காலமே ஒரு ஆபீசர் போன் பண்ணாருக்கா. குழியைப் பாக்க வாரோம், அம்மா வீட்டுல இருக்குமான்னு கேட்டாரு. நாளைக்குச் சந்தைக்குப் போயிரும் சார்னு சொன்னேன்."

நேற்றுச் சாயங்காலம். நான் சோறாக்கிக்கொண்டிருந்த நேரம். பதினோரு மணிக்கே இந்தப் பையனை நான் கூப்பிட்டிருந்தால் அந்த ஆபீசருக்கு இவன் வாயே திறந்திருக்க மாட்டான். அம்மா என்ன சேலை கட்டியிருப்பார் என்று கேட்டேன். "ஊருக்குப் போயே நாலு மாசமாச்சு, எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான். ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்டிருக்கலாம். பதற்றத்தில் தோன்றவில்லை. போலீசுக்கு மறுபடி போன் செய்து, அவர் வீட்டில் இல்லை, சந்தையில் இருக்கிறார் என்றேன். ஊருக்குப் போன போலீஸ்காரர்களைத் திருப்பி விடுகிறோம், அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. முறுக்கிய முறுக்கில் கை மரத்துப்போனது.

ஆட்டுச் சந்தை எறும்புப் புற்றாக இருந்தது. புழுக்கை நாற்றம், கத்தல், புழுதி. துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறவர்கள் நடுவே நான் பைத்தியக்காரி மாதிரி அலைந்தேன். ஐம்பது வயதுப் பெண்கள் கையில் கயிற்றோடு இருநூறு பேராவது இருப்பார்கள். எந்தம்மா ஒத்தப்பனைப்பட்டி, எந்தம்மா தங்கப்பொண்ணு என்று நாலு பேரைக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது கேட் பக்கம் ஒரு தகரக் கொட்டகையும் மேலே குழாய் ஸ்பீக்கரும் கண்ணில் பட்டன. காணாமல்போன ஆட்டையும் ஆளையும் கூப்பிடுகிற மைக் ரூம்.

"ஏத்தா, ஆடு காணோமா, ஆளு காணோமா?" என்றார் மைக் வைத்திருந்தவர்.

நான் பதில் சொல்லாமல் மைக்கைப் பிடுங்கினேன். "ஒத்தப்பனைப்பட்டி தங்கப்பொண்ணு, ஒத்தப்பனைப்பட்டி தங்கப்பொண்ணு, எங்க இருந்தாலும் உடனே மைக் ரூமுக்கு வாங்க" என்று கத்தினேன். மூன்று முறை கத்தினேன். என் குரல் சந்தை முழுக்கக் கேட்டது.

ஐம்பதடி தள்ளி, புளியமரத்தடியில், கறுப்பாக, குச்சியாக ஒரு பெண் நிமிர்ந்தாள். ஊதாச் சேலை, ஒரு கையில் இரண்டு கிடாய்களின் கயிறு. மற்ற கையை உயரத் தூக்கி ஆட்டி, "இந்தா இங்கன இருக்கேன்!" என்றாள். வெட்கமும் சந்தோஷமுமாகச் சிரித்தாள். இத்தனை பேருக்கு நடுவே தன் பெயரை மைக்கில் கூப்பிட்டது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவளுக்கு இந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் அதே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவன் குடித்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். மூன்று பேரும் அவள் தூக்கிய கையையே பார்த்தார்கள். பார்த்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. காலையிலிருந்து அவர்களும் என்னைப் போலத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அவள் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, மகன் நம்பர் இருந்தது. முகம் மட்டும் இல்லை.

"வராதீங்க! ஓடுங்கம்மா, ஓடுங்க!" என்று மைக்கிலேயே கதறினேன். சந்தைச் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவளும் கையை இறக்கிவிட்டு, என்ன சொல்கிறேன் என்று புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. கயிறு அறுந்து கிடாய்கள் ஓடின. அவள் விழவில்லை. திரும்பி, வெட்டியவன் முகத்தைப் பத்து விரலாலும் பிறாண்டினாள். அவன் கண்ணிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டாமவன் பின்னாலிருந்து அவள் தலைமுடியைச் சுருட்டி இழுத்துக் கீழே தள்ளினான். கழுத்திலும் முகத்திலும் மாறி மாறி வெட்டினார்கள். கையைக் குறுக்கே வைத்தாள், விரல்கள் போயின. கசாப்புக் கடையில் கேட்கிற அதே சத்தம். சுற்றி நின்றவர்கள் ஆட்டையும் குட்டியையும் இழுத்துக்கொண்டு சிதறி ஓடினார்கள்.

நான் ஓடியபோது கையில் என்ன இருந்தது என்று தெரியாது. மைக் ஸ்டாண்டாம், பிறகு சொன்னார்கள். அதன் இரும்பு அடிப்பாகத்தால் ஒருவன் பின்மண்டையில் என் பலம் அத்தனையும் சேர்த்து அடித்தேன். மண்டை உள்வாங்குவது என் கைக்குத் தெரிந்தது. அவன் குப்புற விழுந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். சாகட்டும் என்றுதான் அடித்தேன், பொய் சொல்லப்போவதில்லை. மற்றவன் திரும்பி என் முன்கையில் ஒரு வெட்டு வெட்டினான். சதை விரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, வலியே இல்லை. அதற்குள் சனத்துக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கல்லும் கம்புமாகப் பறந்தன. இரண்டு பேர் பைக்கில் தப்பினார்கள். என்னிடம் அடிபட்டவனை ஆட்டு வியாபாரிகள் மிதித்த மிதியில் அவன் தாடை கழன்று தொங்கியது. போலீஸ் வந்து பிடுங்கியிருக்காவிட்டால் செத்திருப்பான். அவன் சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. என் பட்டியலின் பிரிண்ட். பதினேழிலும் பதினெட்டிலும் பேனாவால் டிக் அடித்திருந்தார்கள்.

நான் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் துப்பட்டாவைச் சுருட்டிக் கழுத்தில் அமுக்கினேன். அது நனைந்து கனத்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை. ஒரு கண் வெட்டில் மூடிப்போயிருந்தது. மற்ற கண் என்னைப் பார்த்தது.

"நீதான் கூப்ட்டியா தாயி?"

"ஆமாம்மா."

"மனு ஆபீசா?"

தலையாட்டினேன்.

"குழிய மூடிட்டாகளா?"

ஒன்பது வருடம் அரசாங்கச் சோறு தின்ற வாய் இது. "மூடிருவாங்கம்மா" என்றது. பரிசீலனையில் உள்ளது என்று கடிதத்தில் எழுதுவோமே, அதே பதில். ஆம்புலன்ஸ் கருமாத்தூர் தாண்டும்போது உயிர் போய்விட்டது.

மதுரையில் ஆஸ்பத்திரியில் என் கைக்குப் பத்தொன்பதோ இருபதோ தையல் போட்டார்கள். ஜெர்சன் சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர், நம்பர் எல்லாம் அழித்த சுத்தமான பட்டியலை அன்று மத்தியானமே கல்லூரிப் பக்கத்தில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். "இதை மூடிட்டா அவனுக ஜெயிச்ச மாதிரி ஆயிரும் மீனா" என்றார். சரிதான். எனக்குத்தான் அந்த நேரத்தில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரிடம் பட்டியலைப் பற்றி முழுதும் சொல்லிவிட்டேன். நான் பத்தியை அழிக்காமல் மறைத்தது, அதிகாரி வாயைத் திறக்காதே என்றது, நான் வாய்மூடிக் கிடந்த செவ்வாய்க்கிழமை, எல்லாம். மைக் ரூமைப் பற்றி அவர் கேட்கவில்லை. "தைரியமா அடிச்சீங்கம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். வாசலில் நின்ற ஒரு டிவிக்காரரும் என்னை வீரப்பெண் என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிவபாண்டி வந்து சேர்ந்தான். இருபத்து மூன்று வயது இருக்கும், அம்மாவின் அதே குச்சி உடம்பு. பிணவறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சுவரில் தலையை முட்டினான். நெற்றி கிழிந்து ரத்தம் வந்த பிறகும் முட்டினான். நானும் ஜெர்சன் சாரும் இழுத்துப் பிடித்தோம்.

"நான்தான்க்கா கொன்னேன். சந்தைக்குப் போகும்னு அவன்கிட்ட நான்தான்க்கா சொன்னேன்."

"இல்லடா தம்பி" என்றேன். "உன் நம்பரே அவனுக்கு என்னாலதான் கிடைச்சுச்சு." தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டியலில் பெயர் எப்படி உள்ளே இருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு முடித்தான்.

"அது ஆபீஸ் தப்புக்கா" என்றான் கடைசியில். "தெரியாமச் செஞ்சுட்டீங்க. கூறு கெட்ட பய நானும் தெரியாமத்தானே சொன்னேன். நீங்களாவது ஓடிப்போயி வெட்டு வாங்கியிருக்கீக. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் குறுக்க விழல."

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எதையோ யோசித்துவிட்டு, என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு மட்டும்தான்க்கா வெளங்கல. அம்மா போட்டோ எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. சந்தைல அம்புட்டுச் சனம் இருக்கும். அவனுக எங்கம்மாவ முன்னப்பின்ன பாத்ததே இல்ல. அம்புட்டுப் பேருல இதுதான் தங்கப்பொண்ணுன்னு அவனுகளுக்கு எப்படிக்கா தெரிஞ்சுச்சு?"

"நான் மைக்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டேன் தம்பி" என்றேன். "அம்மா கையத் தூக்குனாங்க."